கடலோர வெப்பத்திலும் டெய்சி பூக்கும்

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. நர்சரியில் பூத்திருந்த ஜெர்பரா என்ற டெய்சியை ஆசையாக வாங்கி வருகிறோம். சில வாரங்களில் அது தூர் அழுகிச் சாய்ந்துவிடுகிறது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு டெய்சி சரிப்படாது’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பல நேரங்களில் செடியைக் கொல்வது வெயில் அல்ல, தேங்கும் ஈரம்.

டெய்சி என்பது ஒரே ஒரு செடியின் பெயர் அல்ல. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல செடிகளை அப்படி அழைக்கிறோம். அவற்றுள் ஐரோப்பியப் புல்வெளி டெய்சியும், அமெரிக்காவில் லூதர் பர்பாங்க் உருவாக்கிய வெள்ளை நிறச் சாஸ்தா டெய்சியும் குளிரை விரும்புபவை. ஊட்டியில் அவை செழிக்கும். கடலோரத்தில் இரவும் புழுக்கமாக இருப்பதால், பகலில் சேர்த்த சத்தை இரவில் சுவாசத்திலேயே செலவழித்து இளைத்துப்போகும். அவற்றோடு நாம் மல்லுக்கட்ட வேண்டாம்.

நமக்கு ஏற்றவை வெப்ப நிலங்களில் பிறந்தவை. மெக்சிகோவின் ஜின்னியாவும் ஆரஞ்சு நிறக் காஸ்மோஸும் நம் வெயிலில் நன்றாகப் பூக்கும். கெய்லார்டியா மணற்பாங்கான நிலத்தையும் உப்புக்காற்றையும் தாங்கும். ஒரு ஜின்னியாவைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். நாம் இதழ் என்று நினைக்கும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. நடுவில் வட்டமாக, குட்டிக் குட்டி மஞ்சள் நட்சத்திரங்களாக விரிந்திருப்பவையும் பூக்களே. ஒரு காம்பில் ஒரு பூக்கூட்டமே குடியிருக்கிறது.

ஜெர்பராவின் தாயகம் தென்னாப்பிரிக்கா. நம் நாட்டில் ஓசூர்ப் பகுதியில் பசுமைக்குடில்களில் இதைப் பெருமளவில் வளர்க்கிறார்கள். கடலோரத்தில் வளர்க்க வேண்டுமானால் நடும்போதே கவனம் வேண்டும். இலைகள் கூடிப் புறப்படும் குருத்துப் பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது. மண் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அது புதைந்தால் ஈரம் தங்கி, பூஞ்சணம் பிடித்து, தூர் அழுகிவிடும். செம்மண், ஆற்றுமணல், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து, தண்ணீர் தேங்காத பொலபொலப்பான மண்ணாகத் தயார் செய்யுங்கள். தொட்டியின் அடியில் உள்ள துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். தலையில் அல்ல, வேரில். மாலையில் இலையை நனைத்தால் இரவெல்லாம் ஈரம் காயாது. இலைப்புள்ளி நோய்க்கு அதுவே வழி. மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். தொட்டிகளை நெருக்கி வைக்காமல் காற்றுப் புகுமாறு இடம் விடுங்கள். சித்திரை, வைகாசியில் ஜெர்பராவுக்கு மதிய வெயில் படாமல் நிழல்வலை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். ஜெர்பராப் பூவைக் கத்தரிக்காமல், காம்பின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்து எடுங்கள். வெட்டிய அடிக்காம்பு நின்றால் அதுவும் அழுகித் தூருக்கு நோயைக் கொண்டுபோகும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஜின்னியாவிலிருந்து தொடங்கலாம். மழை ஓய்ந்த மார்கழியில் விதையை நேராகத் தொட்டியில் ஊன்றுங்கள். சுமார் இரண்டு மாதத்தில், மாசி வாக்கில், பூ வந்துவிடும். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் புதுக்கிளை வெடித்துப் பூத்துக்கொண்டே இருக்கும். அதில் கைதேர்ந்த பிறகு ஜெர்பராவை வாங்குங்கள். வாங்கியதும் முதலில் அதன் குருத்தைப் பாருங்கள். மண்ணில் புதைந்திருந்தால் அன்றைக்கே மேலே தூக்கி நடுங்கள்.