மூன்று சமயம், ஒரே முப்பாட்டனார்



தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு, லயன் வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் பல செபராங் ஜெயா, பிறை வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறியிருக்கின்றன. அங்கே ஒரு வீட்டில் அம்மன் படம், அடுத்த வீட்டில் சிலுவை, அதற்கும் அடுத்த வீட்டு நிலைக்கு மேலே அரபு எழுத்து. பிள்ளைகள் ஒரே நடைபாதையில் ஒன்றாக விளையாடுகிறார்கள். ஒரு பையனின் பெயர் இப்ராஹீம், இன்னொருவனின் பெயர் ஆபிரகாம். இருவரும் வெவ்வேறு பெயர் கொண்டவர்கள் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டும் ஒரே பெயர். ஒரே மனிதரின் பெயர்.

இப்படி இன்னும் பல உண்டு. கிறிஸ்தவர் ஈசாக்கு என்பதை முஸ்லிம்கள் இஸ்ஹாக் என்பார்கள். யாக்கோபு என்பது யாகூப். மோசே என்பது மூஸா. தாவீது என்பது தாவூது. சாலமோன் என்பது சுலைமான். கத்தோலிக்கர் வீடுகளில் சூசை என்று பெயர் வைப்பார்களே, அது யோசேப்பு. முஸ்லிம் வீட்டில் அதுவே யூசுப். மரியாள் என்பது மர்யம். கபிரியேல் என்ற வானதூதர் ஜிப்ரீல். இயேசுவை முஸ்லிம்கள் ஈஸா நபி என்று மரியாதையோடு அழைக்கிறார்கள்.

இந்தப் பெயர்கள் எப்படி இரண்டு சமயத்தாருக்கும் பொதுவாயின? இவர்கள் இருவருக்கும் முன்பே இவற்றை வைத்திருந்த மூன்றாவது சமயத்தார் யார்? அந்த மூன்றாமவர் யூதர்கள். யூத சமயம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றும் தங்கள் நம்பிக்கையின் தலைமகனாகக் கொண்டாடுவது ஆபிரகாம் என்ற ஒருவரைத்தான். உலக மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று இந்த மூன்று சமயங்களைச் சேர்ந்தவர்கள்.

யார் இந்த ஆபிரகாம்? வேத நூல்களுக்கு வெளியே, அவர் வாழ்ந்த காலத்துக் கல்வெட்டோ ஏடோ அவரைப் பற்றிக் கிடைக்கவில்லை. சமயங்கள் காத்து வந்த கதையே நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கதையின்படி அவர் ஊர் என்ற பெயருடைய நகரத்திலிருந்து புறப்பட்டவர். 'உன் நாட்டையும் உன் உறவையும் விட்டு, நான் காட்டும் நாட்டுக்குப் போ' என்ற கருத்தில் இறைவன் கட்டளையிட்டதாக யூதர்களின் வேதம் சொல்கிறது. அவர் மந்தைகளோடும் கூடாரங்களோடும் நடந்து கானான் என்ற நாட்டை அடைந்தார். நேயர்களே, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தை விளக்க வேண்டியதில்லை. மூன்று பெரிய சமயங்களின் கதையும் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்ட ஒரு மனிதரிடமிருந்தே தொடங்குகிறது.

அவருக்கு நெடுங்காலம் பிள்ளையில்லை. மனைவி சாராள், தன் பணிப்பெண்ணாகிய ஆகாரைக் கணவருக்குக் கொடுத்தாள். ஆகார் எகிப்து நாட்டுப் பெண், அடிமை. அவளுக்குப் பிறந்தவன் இஸ்மவேல், முஸ்லிம்கள் சொல்லும் இஸ்மாயீல். பிறகு சாராளுக்கே ஒரு மகன் பிறந்தான். அவன் ஈசாக்கு. ஒரே வீட்டில் இரண்டு தாய்மார், இரண்டு பிள்ளைகள். வாரிசு யார் என்ற கேள்வி எழுந்தது. முடிவில் கொஞ்சம் அப்பமும் ஒரு தோல்பை தண்ணீரும் கொடுத்து ஆகாரையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டார்கள் என்கிறது யூத வேதம். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை தாகத்தால் துடித்தான். அப்போது இறைவன் பிள்ளையின் குரலைக் கேட்டு, தாய்க்கு ஒரு நீரூற்றைக் காட்டினார். இஸ்மவேல் என்ற பெயருக்கே 'இறைவன் கேட்கிறார்' என்பதுதான் பொருள்.

இஸ்லாமிய மரபில் இதே நிகழ்ச்சி மக்காவில் நடக்கிறது. இறைவனின் கட்டளைப்படி இப்ராஹீம் நபி தாயையும் மகனையும் அங்கே கொண்டுபோய் விடுகிறார். தாய் ஹாஜர், தண்ணீர் தேடி சஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடினார். அங்கே பொங்கிய ஊற்றுதான் ஜம்ஜம். இன்றும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், அரசரானாலும் கூலித் தொழிலாளியானாலும், அந்தத் தாயின் நினைவாக அதே இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கிறார்கள். ஓர் அடிமைப் பெண்ணின் தவிப்பு ஒரு பெரிய சமயத்தின் கடமைகளில் ஒன்றாக நிலைத்திருக்கிறது. உழைத்து வாழும் நாம் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

பிற்காலத்தில் ஈசாக்கின் மகன் யாக்கோபு. அவருக்கு இஸ்ரயேல் என்றும் ஒரு பெயர் உண்டு. அவருடைய பன்னிரண்டு மக்களின் வழிவந்தவர்கள் என்று யூதர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய மூவரையும் குலமுதல்வர்கள் என்பார்கள். இயேசு பிறந்தது அந்த யூத குலத்தில். மத்தேயு எழுதிய நற்செய்தி நூல் ஆபிரகாமில் தொடங்கும் வம்சாவளியைக் கொண்டே ஆரம்பமாகிறது. இஸ்லாமிய மரபோ நபிகள் நாயகத்தை இஸ்மாயீலின் வழித்தோன்றலாகக் கொள்கிறது. குர்ஆனில் இப்ராஹீம், யூசுப், மர்யம் ஆகியோரின் பெயர்களிலேயே அத்தியாயங்கள் உள்ளன.

அப்படியானால் மூன்று சமயமும் ஒன்றுதானா? அப்படிச் சொல்லிவிட்டால் மூவருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேற்றுமைகள் உண்மையானவை. இறைவன் ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கை ஈசாக்கு, யாக்கோபு வழியாகத் தங்களுக்கு வந்தது என்பார்கள் யூதர்கள். இரத்த உறவு போதாது, ஆபிரகாமைப் போல் நம்பிக்கை கொள்கிறவர்களே அவருடைய பிள்ளைகள் என்று கிறிஸ்தவர்களுக்குப் போதித்தார் புனித பவுல். ஏக இறைவனுக்கு முழுமையாகப் பணிந்தவர் இப்ராஹீம் நபி, அந்தப் பணிவே இஸ்லாம் என்பார்கள் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்கள் இயேசுவை இறைமகன் என்கிறார்கள். முஸ்லிம்கள் அவரை மாபெரும் இறைத்தூதராக மதிக்கிறார்கள், ஆனால் இறைவன் என்று ஏற்பதில்லை. பலி கொடுக்கத் துணிந்த மகன் யார் என்பதிலும் வேறுபாடு உண்டு. யூத வேதம் ஈசாக்கு என்கிறது. குர்ஆன் அந்த இடத்தில் மகனின் பெயரைச் சொல்லவில்லை. இஸ்மாயீல் என்பதே முஸ்லிம்கள் பெரும்பாலோரின் நம்பிக்கை. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுத்து இறைச்சியை ஏழைகளோடு பங்கிடுவது அந்தத் தியாகத்தின் நினைவாகத்தான்.

நம் பேச்சில் பங்காளி என்றொரு சொல் இருக்கிறது. ஒரே பாட்டனின் வழியில் வந்து, ஒரே சொத்தில் பங்குடையவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் வழக்கு வரும், பேச்சு நின்றுபோகும். ஆனால் பாட்டனை மட்டும் எவரும் மறுக்க மாட்டார்கள். இந்த மூன்று சமயங்களின் உறவும் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான்.

இதற்கு அடையாளங்களைத் தேடி நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ் டவுனில் இறங்கினால் போதும். தமிழ் முஸ்லிம்கள் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. அதே சாலையில், சற்றுத் தள்ளி, 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. யூதர்களும் பினாங்கில் வாழ்ந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் உருவான அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. அது இருக்கும் சாலைக்கு முன்பு ஜாலான் யஹூடி என்று பெயர். இப்போது ஜாலான் ஜைனல் ஆபிதீன். அவர்களுடைய ஜெபக்கூடம் 1929 முதல் 1976 வரை இயங்கியது. எந்தச் சாலையில் தெரியுமா? நாகூர் சாலையில்! தமிழ்நாட்டு முஸ்லிம் திருத்தலத்தின் பெயர் கொண்ட சாலையில் யூதர்கள் தொழுதார்கள். கூட்டு வழிபாட்டுக்கு அவர்கள் வழக்கப்படி பத்துப் பேராவது வேண்டும். அந்த எண்ணிக்கைகூடச் சேராமல் போனதால்தான் அது மூடப்பட்டது.

செபராங் ஜெயாவுக்கு இன்னும் அருகில், புக்கிட் மெர்தாஜாமில், புனித அன்னம்மாள் ஆலயம் உண்டு. 2019-இல் அதற்குப் பசிலிக்கா என்ற சிறப்பு கிடைத்தது. ஜூலை 26-ஆம் தேதியை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு இந்துக்களும் மெழுகுவர்த்தி ஏந்திப் போகிறார்கள். அன்னம்மாள் யார்? மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி, ஒரு யூதப் பெண். அன்னாள் என்பதன் மூலப்பெயர் ஹன்னா. மர்யமின் தாயை முஸ்லிம் மரபும் அதே பெயரால்தான் குறிப்பிடுகிறது.

நேயர்களே, இதையெல்லாம் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். பாலஸ்தீன மண்ணைப் பற்றிய துயரச் செய்திகள் வரும்போது, 'இது ஆபிரகாமின் பிள்ளைகளுக்குள் ஆதிகாலம் தொட்டு வரும் பகை' என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. அந்தச் சண்டை பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் நிலத்தையும் குடியேற்றத்தையும் ஆட்சியுரிமையையும் ஒட்டி வளர்ந்தது. 1948-இல் வீடிழந்த பாலஸ்தீனர்களின் துன்பம் உண்மை. அதற்காக நியாயம் கேட்பதும் சரியே. ஆனால் ஒரு சமயத்தாரின் பெயரையே வசைச்சொல்லாகப் பிள்ளைகள் பழகிவிடக் கூடாது. இன்று 'யூதன்' என்று ஏசப் பழகும் வாய், நாளை பக்கத்து வீட்டாரின் சமயத்தையும் ஏசும்.

பழைய கதை பகையோடு முடியவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யூத வேதத்தின்படி ஆபிரகாம் 175 வயதில் இறந்தார். அவரை மக்பேலா என்னும் குகையில் அடக்கம் செய்தவர்கள் யார்? ஈசாக்கும் இஸ்மவேலும், இருவரும் சேர்ந்து. வீட்டை விட்டு அனுப்பப்பட்ட மகனும் வீட்டிலிருந்த மகனும் தந்தையின் உடலருகே ஒன்றாக நின்றார்கள். ஹெப்ரோன் நகரிலுள்ள அந்த இடத்தை யூதர்களும் முஸ்லிம்களும் இன்றளவும் புனிதமாகக் கருதுகிறார்கள்.

ஆகவே, அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளன்றோ, கிறிஸ்துமஸ் அன்றோ, பக்கத்து வீட்டாரிடம் அவர்கள் பிள்ளையின் பெயருக்கு என்ன கதை என்று கேளுங்கள். பெரியவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவரவர் நம்பிக்கை அவரவரிடமே இருக்கட்டும். அடுத்தவர் வீட்டுப் பாட்டனாரின் கதையையும் அறிந்திருப்பது நமக்கு அழகு.