சிமிர்னாவின் முதிய ஆயர்



கொடியேற்றம், நவநாள், தேர்பவனி என்று புனிதர்களுக்கு விழா எடுப்பதை நம் ஊர்களில் பார்க்கிறோம். இந்தப் பக்தியின் வேரைத் தேடிப் போனால், சிமிர்னா நகரத் திருச்சபை பிலோமேலியம் என்ற ஊரின் சபைக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றில் போய் நிற்போம். தங்கள் ஆயர் பொலிகார்ப் எப்படிக் கொல்லப்பட்டார் என்று சொல்லும் கடிதம் அது.

சிமிர்னா என்பது இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரம். பொலிகார்ப், திருத்தூதர் யோவானின் சீடர் என்பது மரபு. அவரிடம் பாடம் கேட்ட சிறுவன் இரனேயு பின்னாளில் லியோன் நகர ஆயரானார். ஆசிரியர் எந்த இடத்தில் அமர்ந்து பேசுவார், ஆண்டவரைக் கண்ணால் கண்டவர்கள் சொன்னதை எப்படி எடுத்துரைப்பார் என்பதெல்லாம் நெஞ்சில் அப்படியே இருப்பதாக இரனேயு எழுதியிருக்கிறார்.

பாஸ்கா என்னும் ஈஸ்டர் விழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் சின்ன ஆசியச் சபைகளுக்கும் ரோமைக்கும் வழக்கம் வேறு. அதைப் பேசித் தீர்க்க முதிய வயதில் பொலிகார்ப் ரோமைக்குப் போனார். திருத்தந்தை அனிசேத்துஸும் விட்டுக் கொடுக்கவில்லை, இவரும் விட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் தமது ஆலயத்தில் நற்கருணை வழிபாட்டை நடத்தும்படி அனிசேத்துஸ் இவரைக் கேட்டுக்கொண்டார். இருவரும் சமாதானமாகவே பிரிந்தார்கள். கருத்து ஒத்துப்போகாதபோதும் உறவை முறிக்காத இந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கி.பி. 155 வாக்கில் சிமிர்னாவில் கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். குயிந்துஸ் என்பவர் தாமாகவே அதிகாரிகள்முன் போய் நின்று, தம்மேல் ஏவவிருந்த கொடிய விலங்குகளைக் கண்டதும் மிரண்டு விசுவாசத்தை மறுதலித்துவிட்டார். தானே வலியப் போய்ச் சாவைத் தேடுவதைக் கடிதம் பாராட்டவில்லை. பொலிகார்ப்பும் அன்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் தங்கினார். அவரைத் தேடி வந்தவர்கள் வேலைக்காரப் பையன் ஒருவனை அடித்து வதைத்து இடத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

இரவில் காவலர்கள் வந்தபோது அவர் மாடியில் இருந்தார். தப்பிக்க வழி இருந்தும் இறங்கி வந்தார். பிடிக்க வந்தவர்களுக்கு வேண்டிய மட்டும் உணவு கொடுக்கச் சொன்னார். ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். தமக்கு அறிமுகமான ஒவ்வொருவரையும், சிறியவர் பெரியவர் என்று பாராமல், நினைத்து நினைத்து ஜெபித்ததில் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இப்படிப்பட்ட கிழவரைப் பிடிக்க வந்தோமே என்று காவலர்களில் பலர் மனம் வருந்தினார்கள்.

விளையாட்டரங்கில் கூட்டம் இரைந்தது. கிறிஸ்துவைப் பழித்தால் விட்டுவிடுகிறேன் என்றார் ஆளுநர். 86 ஆண்டுகளாக ஊழியம் செய்கிறேன், ஒரு தீங்கும் செய்யாத என் அரசரை நான் எப்படிப் பழிப்பேன் என்று கேட்டார் முதியவர். எரித்துக் கொல்ல விறகு அடுக்கினார்கள். ஆணி அடிக்க வேண்டாம், அசையாமல் நிற்பேன் என்றார். கயிற்றால் மட்டும் கட்டினார்கள். நெருப்பு அவரைத் தீண்டாமல் காற்றில் புடைத்த கப்பல் பாய்போல் வளைந்து நின்றதாகவும், கடைசியில் கத்தியால் குத்தியே கொன்றதாகவும் கடிதம் சொல்கிறது.

உடலைக் கொடுத்தால் கிறிஸ்துவை விட்டுவிட்டு இவரை வணங்கத் தொடங்கிவிடுவார்கள் என்று எதிரிகள் தடுத்தார்கள், உடலை எரித்துவிட்டார்கள். சிமிர்னா மக்களின் விளக்கம் தெளிவானது: ஆராதனை கிறிஸ்துவுக்கு மட்டுமே, அவருடைய சீடர்கள் என்பதால் மறைசாட்சிகள்மேல் அன்பு வைக்கிறோம். இரத்தினங்களைவிட, பொன்னைவிட விலை உயர்ந்தவை என்று சொல்லி எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, தகுந்த இடத்தில் வைத்தார்கள். அவர் உயிர்விட்ட நாளை அவருடைய பிறந்தநாளாக ஆண்டுதோறும் அங்கே கூடிக் கொண்டாடவும் முடிவு செய்தார்கள். புனிதர் வணக்கத்துக்கு நம் கையில் உள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. அவரோடு பழகிய மக்களின் துக்கத்திலும் அன்பிலும் பிறந்த வழக்கம் இது. மேலிடத்து ஆணை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

இஸ்மீரில் இன்றும் புனித பொலிகார்ப் பெயரில் ஓர் ஆலயம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை பிப்ரவரி 23 அன்று அவரை நினைவுகூர்கிறது. அந்தக் கடிதமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், நேயர்களே, அதைத் தேடிப் படியுங்கள்.