ஒரே நாளில் மூன்று தேர்தல்

ஸ்வீடனில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று, நாடாளுமன்றம், மாகாண மன்றம், நகராட்சி மூன்றுக்கும் சேர்த்தே வாக்குப்பதிவு. மஞ்சள் சீட்டு நாடாளுமன்றத்துக்கு, நீலம் மாகாணத்துக்கு, வெள்ளை நகராட்சிக்கு. 1970 முதல் மூன்றும் ஒரே நாளில் நடப்பதுதான் வழக்கம். மருத்துவமனையை மாகாணம் நடத்துகிறது. பள்ளியும் முதியோர் பராமரிப்பும் நகராட்சியின் பொறுப்பு. பெரும்பாலானோர் செலுத்தும் சம்பள வரி இந்த இரண்டுக்குமே போகிறது. அப்படியிருக்க, நாடாளுமன்றத் தேர்தலின் ஆரவாரத்தில் ஊர்ப் பிரச்சினைகள் அமுங்கிவிடாதா, உள்ளாட்சிக்குத் தனி நாள் வேண்டாமா என்று அங்கேயே பலர் கேட்கிறார்கள்.

நியாயமான கவலைதான். ஆனால் தனி நாள் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று கிடைத்தது. கோத்தன்பர்க் நகரம் அடங்கிய வெஸ்த்ரா யோத்தலாண்டில், 2010 மாகாணத் தேர்தலில் குளறுபடிகள் நேர்ந்ததால், 2011 மே மாதம் மறுதேர்தல் தனியாக நடந்தது. முதல்முறை 80 சதவீதத்துக்கு மேல் வாக்களித்த அதே மாகாணத்தில், இம்முறை பாதிப்பேர்கூட வரவில்லை. மருத்துவமனையை யார் நடத்துவது என்பதைச் சிறுபான்மை தீர்மானிப்பது, ஆரவாரத்தைவிடப் பெரிய கேடு என்றே நான் கருதுகிறேன். வாக்காளர்களும் ஒரே அலையில் அடித்துச் செல்லப்படுவதில்லை. நாட்டுக்கு ஒரு கட்சி, ஊருக்கு வேறு கட்சி என்று பிரித்துப் போடுவோர் கணிசம்.