குழந்தைகளை நூலகத்திற்கு அழைத்துச் செல்வோம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பட்டம் பெற்றோரையும் பணியில் அமர்ந்தோரையும் பாராட்டினோம்; மகிழ்ச்சி. நானோ இன்னும் பள்ளிப் படியை மிதியாத நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அவர்களை நூலகத்திற்கு அழைத்துச் சென்று கதை கேட்கச் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எழுத்தறியாத குழந்தைக்கு நூலகம் எதற்கு என்று கேட்பீர்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கின்றேன். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் ஒரு நூலகத்தின் வாசல் வரை சென்றேன். எனக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். எவரும் என்னைத் தடுக்கவுமில்லை. ஆயினும் கால் உள்ளே செல்லவில்லை. பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றே கூலி வாங்கிப் பழகிய குடும்பத்துப் பிள்ளை நான். பெரிய கட்டடம் எதைக் கண்டாலும் வெளியே நிற்கவே என் உடல் கற்றிருந்தது. திரும்பிவிட்டேன். மீண்டும் அவ்வாசலுக்குச் செல்ல ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த இழப்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். அச்சம் உள்ளத்தில் குடியேறுமுன்பே அவர்கள் அங்கே பாயில் அமர்ந்து கதை கேட்டுச் சிரித்திருக்க வேண்டும்.

நூலகம் எவரும் நமக்கு இடும் பிச்சையன்று. 1948ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் இதுவே. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகின்றது. நாம் செலுத்தும் காசும் அந்த அலமாரிகளில் இருக்கின்றது.

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் அரங்கநாதன் 1892இல் நம் காவிரிப் படுகைச் சீர்காழியில் பிறந்தவர். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்ட வேண்டும் என்பது 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியிலே நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. ஐந்து வயதுக் குழந்தையும் ஒரு வாசகரே. அக்குழந்தைக்குரிய நூல் படங்கள் நிறைந்தது. அதைப் பிறர் படித்துக் காட்ட வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி, மகன் கேட்ட நூல்களை வாங்க, மணமாகிச் சென்ற தம் மகள்களிடம் கடன் பெற்றார். அந்த மகனே பிற்காலத்தில் பம்பாய் தாதரில் தம் நூல்களுக்கென்றே இடம் வகுத்து இராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டினார். வழிகாட்ட ஒரு பெரியவர் வீட்டில் இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

நம் வீடுகளின் நிலையை நான் அறிவேன். மேட்டூர் நீர் வந்து நடவு தொடங்கிவிட்டால், தாய்மார்கள் விடியுமுன் நாற்றுப் பறிக்கச் செல்கின்றனர். இளங்குழந்தையை எட்டு வயது அக்காள் இடுப்பில் சுமக்கின்றாள். ஆதலால் இப்பணி இளைஞர்களே, உங்களுடையது. நூலகரிடம் முன்னதாகப் பேசி, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பெறுங்கள். தெருவுக்கு ஒருவர் பத்துக் குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். தம்பியைச் சுமந்து வரும் அக்காளையும் உள்ளே அமர்த்துங்கள். அவளுக்கும் கதை வேண்டும்.

படம் குழந்தைகளின் பக்கம் தெரியுமாறு நூலைப் பிடித்து நிதானமாகப் படியுங்கள். இடையில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். முடிந்ததும் தேர்வு வைக்காதீர்கள். நீதி என்ன என்று மிரட்டாதீர்கள். எழுந்து ஓடும் குழந்தையைக் கடியாதீர்கள். நூலைத் தொட்டுப் புரட்டவிடுங்கள். களத்து மேட்டில் கதை சொல்லும் நம் பாட்டிமாரையும் ஒரு நாள் அழைத்துச் சென்று அங்கே பேசச் செய்யுங்கள். தம் பாட்டியின் சொல்லுக்கும் அங்கே மதிப்புண்டு என்று குழந்தை உணரட்டும்.

இக்கழகம் பொன்விழாக் காணும் நாளில், இன்றைய குழந்தை ஒன்று இம்மேடையில் நின்று பேசும். நூலகத்திற்குள் முதன்முதலில் எப்போது நுழைந்தேன் என்பது எனக்கு நினைவே இல்லை என்று அது சொல்ல வேண்டும். அதுவே என் விருப்பம்.