குட்டியா, குதிரையா?

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் குதிரைகள் நிறைய வரும். துள்ளுகிற குட்டியைப் பார்த்தால் யாருக்கும் வாங்கிவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள்! குட்டி பால் மறக்கவே சுமார் 6 மாதம் ஆகும். கயிறு பிடித்து நடத்தலாம், குளம்பு சீவக் காலைக் கொடுக்கப் பழக்கலாம். ஆனால், முதுகில் ஏற 3 வயதாவது ஆகவேண்டும். முதுகெலும்பு முழுதாக முற்ற 5, 6 வயதாகிவிடும். 3 வயது வரை சவாரி கிடையாது, தீவனச் செலவு மட்டும் உண்டு.

ஒருவர் குதிரைக்காரப் பெரியவரிடம் கேட்டார்: “ஐயா, எனக்குக் குதிரை புதுசு. குட்டியா வாங்கினா ரெண்டு பேரும் சேர்ந்தே கத்துக்கலாம்ல?”

பெரியவர் சொன்னார்: “கத்துக்கலாம் தம்பி... வாத்தியாரு யாரு?”

ஆகவே, புதியவர்களே, பழகிய குதிரையிடம் முதலில் பாடம் கேளுங்கள். குட்டிக்கு நீங்கள் பிறகு பாடம் எடுக்கலாம்!