வரம்புக்குள் ஒரு வல்லணி

ஐ.பி.எல். ஏலத்தில் ஓர் அணியின் கைப்பணம் தீர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் கை தூக்க முடியாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் கதை வேறு. அங்கேயும் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் அதைத் தாண்டிப் போகச் சில வாசல்களும் உண்டு.

1984-85 பருவத்தில் அந்த வரம்பு வெறும் 36 லட்சம் டாலர். 2025-26-ல் 15 கோடியே 46 லட்சம். சில ஆண்டுகள் தன்னிடம் ஆடிய வீரரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி வரம்பை மீறலாம். பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரில்தான் இந்தச் சலுகை இன்றும் வழங்குகிறது. ஆனால் வெளியிலிருந்து ஒரு பெரிய நட்சத்திரத்தை நேரடியாக ஒப்பந்தம் செய்ய, கணக்கில் இடம் இருந்தாக வேண்டும்.

அந்த இடம் எப்படிக் கிடைக்கும்? கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கதையைக் கேளுங்கள்.

2012-ல் அந்த அணியின் ஸ்டீபன் கர்ரிக்குக் கணுக்காலில் ஓயாத காயம். நான்கு ஆண்டுகளுக்கு 4 கோடியே 40 லட்சம் டாலர் என்று கையெழுத்திட்டார். பிறகு 2015, 2016 இரண்டு ஆண்டும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். சம்பளம் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றது. இதற்கிடையே புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் கொட்டியது. உச்சவரம்பு ஒரே ஆண்டில் 7 கோடியிலிருந்து 9 கோடியே 41 லட்சத்துக்கு எகிறியது. ஏற்றத்தைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்வோம் என்றது லீக். வீரர்கள் சங்கம் மறுத்துவிட்டது. வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸும் ஆண்ட்ரூ போகட்டும் டல்லாஸுக்குப் போக, கணக்கில் இடம் கிடைத்தது; ஏற்கெனவே 73 ஆட்டங்களை வென்றிருந்த அணிக்குள் வெளி நட்சத்திரம் கெவின் டுரான்ட் வந்து உட்கார்ந்தார். 2017, 2018 இரண்டு கோப்பையும் அவர்களுக்கே. சாமர்த்தியம் பாதி என்றால், அதிர்ஷ்டம் மீதிப் பாதி.

வரம்பைப் பெரிதாகத் தாண்டினால் ஆடம்பர வரி உண்டு. ஆனால் பெரும் பணக்கார முதலாளிகள் அதைக் கட்டிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் நடந்தார்கள். அதனால்தான் லீகும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட 2023 ஒப்பந்தத்தில் இன்னும் மேலே ஒரு கோடு கிழித்தார்கள். 2025-26-ல் அது 20 கோடியே 78 லட்சம். அந்தக் கோட்டைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய வீரரை மாற்றிக்கொள்ள முடியாது. ஏழு ஆண்டுக்குப் பின் வரும் முதல் சுற்று இளம் வீரர் தேர்வு உரிமையைக்கூடப் பேரத்தில் வைக்க முடியாது. வரியைப் போல இதைப் பணம் கட்டித் தீர்க்க வழியில்லை.

அடி யாருக்கெல்லாம் விழுந்தது தெரியுமா? 2024-ல் கோப்பை வென்ற பாஸ்டன் செல்டிக்ஸுக்கும்கூட. ஜேசன் டேட்டமுக்கு ஐந்தாண்டுக்கு 31 கோடியே 40 லட்சம், ஜேலன் பிரவுனுக்கு ஏறத்தாழ 30 கோடி. இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் வைத்துக்கொண்டு மற்ற பெரிய சம்பளங்களைச் சுமக்க முடியவில்லை. 2025 கோடையில் ஜூரு ஹாலிடே போர்ட்லாண்டுக்கும், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். கோப்பை வென்ற அணியின் முதல் ஐவரில் இருவர், ஓராண்டிலேயே ஊர் மாறிவிட்டார்கள்.