பனி பெய்யாத பொங்கல்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதித் தரப்பட்டது.)



"ஏதாவது பயனுள்ளதாகப் பேசு" என்று செயலாளர் சொன்னார். என் கூடப் படித்தவர் என்கிற உரிமையில், "கம்ப்ரஸரைப் பத்தி மட்டும் பேசிடாதப்பா"ன்னும் சொன்னாரு. முப்பது வருஷம் ஓசூர் சிப்காட்டில் கம்ப்ரஸர் ரூமிலேயே காலம் தள்ளியவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி? ஆகவே பனிச்சறுக்கு பற்றிப் பேசப் போகிறேன். நடுவில் கம்ப்ரஸர் கொஞ்சம் வரும். செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராயக்கோட்டைக்காரனுக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்தது மார்கழிப் பனி. விடியற்காலை பஸ்ஸுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு நிற்போம், கோட்டை மலை பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது, அந்தப் பனி. தமிழில் புல் நுனியில் நிற்பதும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. அதனால்தான் நான் காஷ்மீர் போய் வந்ததும் டீக்கடையில், "அங்க பனி ஜாஸ்தியா சார்?" என்று கேட்டார்கள். "பனியே இல்லப்பா" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

2024 பொங்கல் சமயம் அது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், டிக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். டிவியில் பனிச்சறுக்குப் போட்டி வந்தால் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பேன், அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "அப்பா, ஒரு தடவை கால்ல மாட்டிப் பாத்துடுங்க" என்றாள். "பொங்கப் பானை வைக்கிற நேரத்துல வீட்டை விட்டுப் போறவங்க நீங்க ரெண்டு பேர்தான்" என்று என் மனைவி சொன்னார். அவர் வரவில்லை. பார்க்கப் போனால் அவர் செய்ததுதான் சரி.

எங்களை அனுப்பிய டிராவல்ஸ்காரர், "ஜனவரி நடுவுல போறீங்க, ஸ்நோவுக்கு நான் கேரண்டி சார்" என்று சொல்லியிருந்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. காஷ்மீரில் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி ஜனவரி முடியும்வரை உள்ள 40 நாட்களுக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். கடுங்குளிர் காலம். அந்த நாட்களில் விழும் பனிதான் உறைந்து கெட்டிப்பட்டு நிற்கும். ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டரில் குல்மார்க். உயரம் சுமார் 2,650 மீட்டர், அதாவது நம் ஊட்டியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் மேலே. வெள்ளைக்காரர்கள் 1927-லேயே அங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். ஆசியாவில் பெயர் பெற்ற இடம்.

மலையடிவாரத்தில் டங்மார்க் என்று ஒரு ஊர். அங்கே காரை நிறுத்தி நீளக் கோட்டும், முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். மேலே போய் இறங்கினால் தரை எல்லாம் காய்ந்த புல். நம்ம தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்ச் மாதத்தில் இருக்குமே, அந்த நிறம். பகலில் வெயில் சுள்ளென்று அடித்தது. கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். பூட்ஸை மட்டும் கழற்ற முடியவில்லை, என் செருப்பு டங்மார்க் கடையில் அடமானம் இருந்தது! தலைக்கு மேலே ரோப்வே பெட்டிகள் வெறும் பழுப்பு மலைமேல் போய்க்கொண்டிருந்தன. அந்த வாரத்தில் அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. முன்னாள் முதல்வராக அப்போது இருந்த உமர் அப்துல்லாவே, குளிர்காலத்தில் குல்மார்க்கை இவ்வளவு வறண்டு தான் பார்த்ததில்லை என்று பழைய படங்களோடு எழுதியிருந்தார்.

டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன். "அது கடவுள் கையில இருக்கு சார்" என்றார். கேரண்டி மட்டும் அவர் கையில் இருந்தது போலும்.

எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் அதே தொழில். எனக்கு ஹிந்தி கம்பெனி ஹிந்திதான், பீகார், ஒடிசா பையன்களிடம் பேசிக் கற்றது. அதை வைத்தே சமாளித்தேன். சம்பாதிப்பது டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை, அதில் ஒரு வருஷம் ஓட வேண்டும் என்றார். நவம்பரில் கடன் வாங்கி இரண்டு ஜோடி புதுச் சறுக்குக் கட்டைகள் வாங்கியிருந்தார். இருபது நாளில் நாங்கள்தான் அவருக்கு மூன்றாவது கிராக்கி. சறுக்குவண்டி இழுக்கிறவர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். லோடு வராத நாளில் நம் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள், அதே உட்காருதல்.

"மேலே கொஞ்சம் இருக்கு, பழைய பனி. காலையில சீக்கிரம் வாங்க" என்றார். மறுநாள் ரோப்வேயில் ஏறி, பிறகு நடந்து, வெயில் விழாத ஒரு மலை மடிப்புக்குக் கூட்டிப் போனார். நம் கல்லூரி கிரிக்கெட் பிட்ச்சைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அவ்வளவுதான் என் இமயமலை.

தம்பிகளே, இதைக் கவனியுங்கள், இதில் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அந்தத் திட்டு கண்ணாடி. முந்தின நாள் வெயிலில் இளகிய மேற்பரப்பு இரவுக் குளிரில் இறுகியிருக்கும். கட்டையின் விளிம்பு பிடிக்காது. கட்டை இரண்டின் முனையையும் உள்பக்கம் சேர்த்து, ஏர்க்கொழு மாதிரி வைத்தால் வேகம் குறையும் என்று சொல்லிக் கொடுத்தார். வைத்தேன், குறையவில்லை. உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தேன். பத்து மணிக்கு மேல் பனி இளகியது. ஒரு அரை மணி நேரம் அருமையாக இருந்தது. நான் விழாமல் மூன்று தடவை இறங்கியது அப்போதுதான், என் மகளிடம் வீடியோ சாட்சி இருக்கிறது. பதினொன்றரைக்கு அதே இடம் ஈரமாவு. கட்டைக்கும் பனிக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் வழுக்கும். ஆனால் தண்ணீர் அதிகமானால் அதுவே அட்டை மாதிரி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஈரக் கண்ணாடி இரண்டை ஒட்டவைத்துப் பிரித்துப் பாருங்கள், தெரியும். கட்டை நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். போனேன்.

அதைவிட மோசம் அடியில் இருக்கும் கல். ஆறு அடி பனி இருந்தால் பாறை புதைந்திருக்கும். ஒரு அடி இருந்தால் பாறை ஒளிந்திருக்கும். ஒவ்வொரு தடவை 'கர்ர்'ரென்று சத்தம் வரும்போதும் நான் என் முழங்காலைப் பார்த்தேன், அவர் கட்டையின் அடியைப் பார்த்தார். புதுக் கட்டை, கடன் கட்டை. இரண்டாம் நாளே நான் போதும் என்று சொல்லிவிட்டேன். கால்வலி என்று சொன்னேன். கால்வலியும் இருந்தது.

கம்ப்ரஸர் இப்போது வருகிறது. அன்று மாலை டீ குடிக்கும்போது, வெளிநாட்டில் மெஷின் வைத்துப் பனி அடிக்கிறார்களே என்று கேட்டேன். தொழில் புத்தி. தத்துவம் ரொம்பச் சுலபம். அழுத்திய காற்றையும் தண்ணீரையும் சேர்த்து நாசில் வழியாகப் பீய்ச்ச வேண்டும். காற்று விரிந்து குளிரும்போது நுண்ணிய ஐஸ் விதைகள் உண்டாகும். மற்றத் துளிகள் விழுகிற வழியிலேயே அந்த விதைகளைப் பிடித்துக்கொண்டு உறையும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறக்குறைய முழுவதும் இப்படி அடித்த பனியில்தான் நடந்தது. நம் நாட்டில் உத்தரகண்ட் ஔலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக ஏரி வெட்டி, மெஷின் வைத்தார்கள்.

ஆனால் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். லேபில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருப்பீர்களே, அதுதான். அந்த அளவு குளிர் இல்லையென்றால் மெஷின் அடிப்பது வெறும் தண்ணீர். பனி பெய்யாததால்தான் மெஷின் வேண்டும், பகலில் அடித்த அந்த வெயிலில் மெஷினே ஓடாது. இராத்திரியில் ஓட்டிச் சேர்த்ததைப் பகல் கரைத்துக்கொண்டே இருக்கும். மெஷின் இருந்த அதே ஔலியில் 2023 பிப்ரவரிப் போட்டிகள் பனி போதாமல் ரத்தாயின.

காசுள்ள ஊர்களும் தப்பவில்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் சைப்ரஸ் மலைக்கு லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனி கொண்டுவந்து, அடியில் வைக்கோல் கட்டுகளை வைத்து மேடாக்கினார்கள். 2020-இல் பிரான்சின் ஒரு மலைவாசஸ்தலத்தில் ஹெலிகாப்டர் சுமார் 50 டன் பனி தூக்கியது. 2023 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் உலகக்கோப்பைப் பந்தயம் பச்சைப் புல்வெளி நடுவே வெள்ளைத் துண்டு விரித்தது போன்ற ஒரு பாதையில் நடந்தது. ஹெலிகாப்டரில் பனி ஏற்றுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, டீசல் கணக்குத்தான் ஓடுகிறது.

அந்த ஜனவரியில் காஷ்மீரில் பனி ஏன் வரவில்லை? நமக்கு வடகிழக்குப் பருவமழை மாதிரி, அவர்களுக்குக் குளிர்காலத்தில் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான் ஆதாரம். 'மேற்கத்திய இடையூறு' என்று பெயர். அந்தப் பருவத்தில் அவை வலுவாக வரவில்லை. எல் நினோ ஆண்டும்கூட. டிசம்பர் 2023-இல் வழக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு பொய்த்தது. ஒரு வருஷ வறட்சியை வைத்து எல்லாவற்றுக்கும் பூமி சூடாவதே காரணம் என்று நான் மேடையில் அடித்துச் சொல்ல மாட்டேன். முன்பும் வறண்ட வருஷங்கள் உண்டு. ஆனால் மழையாக விழுவதா பனியாக விழுவதா, விழுந்தது நிற்பதா ஓடுவதா என்பதை வெப்பம்தான் தீர்மானிக்கிறது. அந்த வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்பதில் சந்தேகம் இல்லை.

என் ஆசிரியர் (அவரை அப்படித்தான் நான் சொல்ல வேண்டும்) சறுக்குவதைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார். சில்லை கலானில் விழுவது வங்கியில் போட்ட பணம், ஜூன், ஜூலைவரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிக்கலாம், பிப்ரவரிக் கடைசியில் விழுவது சட்டைப்பைப் பணம், ஒரு வாரத்தில் காலி, என்றார். அப்போதே ஜீலம் நதி மிகவும் இறங்கிக் கிடந்தது. ஆப்பிள் மரமும் குளிர் மணிநேரம் எண்ணித்தான் பூக்கும்.

இந்தப் பேச்சு நடக்கும்போது என் மச்சான் ராயக்கோட்டையிலிருந்து போன் செய்தார். பொங்கல் வாழ்த்து சொல்லிவிட்டு, "மாமா, நம்ம பெங்களூரா மரத்துல பூவையே காணோம், துளிர்தான் விடுது, ராத்திரி குளிரே இல்லை" என்றார். மாமரத்துக்கும் அப்படித்தான். தை மாத இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் பூ மொட்டு வரும், இல்லையென்றால் இலையாகப் போய்விடும். போனை வைத்ததும், ஊரில் என்ன விசேஷம் என்று ஆசிரியர் கேட்டார். மாம்பூ விஷயத்தை என் அரைகுறை ஹிந்தியில் விளக்கினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கிருஷ்ணகிரி மாம்பழம் எப்படி இருக்கும் என்று விசாரித்தார். செந்தூரா ஒரு பெட்டி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைசி நாள் ஐந்து நாள் கூலியைக் கொடுத்தபோது இரண்டு நாள் பணத்தைத்தான் எடுத்துக்கொண்டார். "மூணு நாள் நான் ஒண்ணும் கத்துக்கொடுக்கலையே" என்றார். என் மகள் எவ்வளவோ வற்புறுத்தியும் வாங்கவில்லை. கேரண்டி கொடுத்தவர் இன்றுவரை ஒரு ரூபாய் திருப்பவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஜனவரிக் கடைசியில் கொட்டிவிட்டது! பிப்ரவரி 21 முதல் 25 வரை கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டும் அங்கே நடந்தது. அடுத்த வருஷம், 2025-இல், பிப்ரவரி 22-க்கு வைத்திருந்த அதே விளையாட்டைப் பனியில்லாமல் மார்ச் 9-க்குத் தள்ளினார்கள். அந்த ஏப்ரலில் பகல்காம் படுகொலைக்குப் பிறகு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். கட்டைக் கடன் இன்னும் பாக்கி என்றார்.

2024-இல் எங்கள் தோட்டத்தில் அனுப்பும்படி காய் இல்லை. 2025-இல் ஒரு பெட்டி செந்தூரா போயிற்று. பாதி வழியிலேயே பழுத்துவிட்டதாம், ஆனாலும் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று படம் அனுப்பியிருந்தார்.

மாணவர்களில் யாராவது போவதாக இருந்தால் நிலவரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பொங்கல் லீவில் வேண்டாம், பிப்ரவரி பாதிக்கு மேல் வரச் சொல்லுங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய நம்பர் வேண்டுமென்றால் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.